யாழ்ப்பாண வளவுக்கு எந்த லில்லிக் கிழங்கு?

மச்சாள் கனடாவிலிருந்து வரும்போது பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: சொக்கிலேற், மூட்டுவலித் தைலம், ஒருவருக்கும் அளவில்லாத ஒரு சோடிச் சப்பாத்து. 2018 மார்கழியில் வந்தபோது அவற்றோடு ஒரு கடதாசிப் பெட்டியும் இருந்தது. மேலே சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்கு ஒரு இளஞ்சிவப்பு லில்லிப் பூவின் படம். உள்ளே ஈரமான மரத்தூளுக்குள் ஐந்து கிழங்குகள். அம்மா ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"உது உள்ளி மாதிரியெல்லோ கிடக்கு. ஈரத்தோட வச்சால் அழுகிப்போம் பிள்ளை."

அழுகக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் மரத்தூளைத் தட்டிவிட்டு, வலைப்பைக்குள் போட்டு, பின் விறாந்தையில் வெங்காயப் பிடிகளுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். பொங்கல் முடிந்து அவிழ்த்தபோது இரண்டு கிழங்கு சருகாகியிருந்தன. மிச்சம் மூன்றையும் சாடியில் நட்டோம். ஒன்று மட்டும் முளைத்தது. பங்குனிக் கடைசியில் முழங்கால் உயரத்தில் இரண்டு பூப் பூத்தது. ஒழுங்கையே வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் அதே கிழங்கு நாலு இலை விட்டது, அவ்வளவுதான். அதற்கடுத்த வருடம் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஒரே கதையைத்தான் சொல்லி வருகிறேன். பூவின் படத்தைப் பார்த்து லில்லி தெரிவு செய்யாதீர்கள். கிழங்கு எப்படி உறங்கும் என்று கேட்டுவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

லில்லி என்று நாங்கள் சொல்லும் கிழங்குகள் எல்லாம் வருடத்தில் ஒரு பருவம் உறங்கும் அல்லது அடங்கிக் கிடக்கும். எதனால் அடங்கும் என்பதில்தான் பெரிய பிரிவு. 'லிலியம்' என்ற உண்மையான லில்லி குளிரில் உறங்கும். 2 முதல் 5 பாகைக் குளிரில் ஆறு, எட்டுக் கிழமை கிடந்து எழும்பினால்தான் ஒழுங்காகப் பூக்கும். மழை லில்லி, சிலந்தி லில்லி, சிவப்பு அமரிலிஸ், கார்த்திகைப்பூ போன்றவைக்குக் குளிர் தேவையில்லை. தண்ணீர் இல்லாத காலத்தில் அடங்கி, தண்ணீர் கண்டதும் எழும்பும். யாழ்ப்பாணத்தில் நிலம் காய்கிற காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. வைகாசியிலிருந்து சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடித்து நிலத்தை வறட்டியெடுக்கும், ஐப்பசியில் மாரி பிறந்து ஒரே மூச்சில் ஊற்றும். குளிர்தான் எங்களிடம் இல்லை. வாடைக்காற்று வீசும் தை மாத இரவில் நாங்கள் போர்வை தேடும் நேரத்திலும் வெப்பமானி 22, 23 பாகையில் நின்றுவிடும். லில்லிக் கிழங்குக்கு அது உறங்குகிற குளிரே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தாவரவியல்படி மழை லில்லியும் அமரிலிஸும் சிலந்தி லில்லியும் வெங்காயத்தின் குடும்பம். லிலியம் வேறு குடும்பம். அம்மா செய்த வைத்தியம் தப்பானதல்ல, ஆள்மாறிப் போன வைத்தியம். வெங்காயத்துக்கு வெளியே காய்ந்த தோல் இருக்கிறது, மாதக்கணக்கில் தொங்கும். லிலியக் கிழங்குக்குத் தோலே இல்லை. செதில்கள் வெறுமனே அடுக்கியிருக்கும், காற்றுப்பட்டால் ஒவ்வொன்றாக வாடும். அதனால்தான் மரத்தூளில் பொதிந்து அனுப்புகிறார்கள்.

பெட்டியில் வரும் லில்லி

இதை நட வேண்டாம் என்று நான் தடுக்கமாட்டேன். பூ அப்படி. ஆனால் பூங்கொத்து வாங்குவது போல ஒரு முறைச் செலவு என்று நினைத்து நடுங்கள். வருடா வருடம் வரும் என்று நம்பி முற்றத்தில் இடம் ஒதுக்காதீர்கள்.

பெட்டிக்குள்ளும் மூன்று சாதி உண்டு. ஏசியாட்டிக் என்பதற்கு மணம் இல்லை, ஆனால் அவசரக்காரர். நட்டு இரண்டு, மூன்று மாதத்தில் பூத்துவிடும். ஓரியன்டல் என்பதுதான் படத்தில் பெரிதாகச் சிரிக்கும் மணமுள்ள வகை. அதற்கு மூன்றரை, நான்கு மாதம் வேண்டும், புளிப்பான மண்ணும் வேண்டும். எங்கள் மண்ணுக்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். கேத்தலுக்குள் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஓரியன்டலின் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளிறும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத பட்டினி அது. மூன்றாவது, எக்காளம் போன்ற வெள்ளைப் பூ. லொஞ்சிபுளோரம் என்பார்கள், மேல்நாட்டில் உயிர்த்த ஞாயிறுக்குத் தேவாலயங்களில் வைப்பது. யப்பானின் தெற்குத் தீவுகளிலும் தாய்வானிலும் பிறந்தது என்பதால் மூன்றுக்குள்ளும் வெக்கையைத் தாங்கக்கூடியது இதுதான். மண்ணின் புளிப்புக்கும் அவ்வளவு அடம் பிடிக்காது. கட்டாயம் பெட்டி லில்லிதான் வேண்டும் என்பவர்களுக்கு என் தெரிவு இந்த வெள்ளை. அடுத்தது ஏசியாட்டிக். ஓரியன்டலை நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த ஊரோடு யாழ்ப்பாணத்துச் சாடி போட்டியிட முடியாது.

காலக்கணக்குத்தான் பெரிய சிக்கல். வெளிநாட்டில் மாசி, பங்குனியில் கடைக்கு வரும் கிழங்குகள் ஏற்கெனவே குளிரறையில் கிடந்தவை, உடனே நடலாம். ஆனால் அந்த நேரம் இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிடும். பூ வரும் மாதம் சித்திரை, வைகாசியாக இருக்கும், மொட்டு விரியமுன்னே கருகும். இலையுதிர் காலத்தில், அதாவது புரட்டாதி, ஐப்பசியில் விற்பவை குளிர் காணாதவையாக இருக்கலாம். அவற்றை ஐப்பசியில் பெற்று, ஈரம் தெரிந்தும் தெரியாத தும்புத்தூளில் பொதிந்து, ஓட்டை போட்ட பொலித்தீன் பைக்குள் பிறிட்ஜின் மரக்கறித் தட்டில் ஆறு, எட்டுக் கிழமை வைத்து, மார்கழி நடுப்பகுதியில் நட்டால் மாசி, பங்குனியில் பூ. வருடத்தில் எங்களுக்குக் குளிர்ச்சியான மாதங்கள் அதன் வளர்ச்சிக்குக் கிடைக்கும். ஐஸ் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. அதே தட்டில் அப்பிளும் மாம்பழமும் வைக்கக்கூடாது, பழம் விடும் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுக்கும்.

பிறிட்ஜ் விடயத்தில் நான் கெட்டிக்காரத்தனம் காட்டிக் கையைச் சுட்டவள். 2022 தையில் கிடைத்த ஒரு பெட்டியை ஐப்பசி வரைக்கும் பிறிட்ஜில் வைத்துக் காலத்தை ஏமாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். அந்த வருடப் பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தது நினைவிருக்கும். சித்திரையில் பையைத் திறந்தால் கிழங்கெல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரு சாண் நீளத்துக்கு முளைவிட்டு, பைக்குள் இடமில்லாமல் வளைந்து பாம்புக்குட்டி போலக் கிடந்தன. மின்வெட்டைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் விளங்கியது, மின்சாரம் ஒழுங்காக இருந்திருந்தாலும் அந்தத் திட்டம் தோற்றிருக்கும். குளிர் கண்டு முடிந்த கிழங்கு வீட்டுப் பிறிட்ஜில் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்காது. உறைநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருக்கும் வியாபாரக் குளிரறைக்குத்தான் அது முடியும்.

நடும்போது கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். கிழங்குக்கு அடியில் உள்ள வேர் தவிர, கிழங்குக்கு மேலே தண்டிலிருந்தும் வேர் விடும் செடி இது. அந்த மேல்வேர்தான் பூவுக்குச் சாப்பாடு போடும். ஆழமில்லாமல் நட்டால் செடி தலை கனத்துச் சரியும். அதனால் ஒரு அடிக்குக் குறையாத ஆழமான சாடி, அடியில் ஒரு பிடி ஆற்றுமணல், அதன்மேல் கிழங்கைக் கொஞ்சம் சரித்து வையுங்கள், செதில்களுக்கிடையில் தண்ணீர் தேங்காமல் இருக்க. காலை வெயில் மட்டும் படும் இடம். கூரைப் பீலியில் வடியும் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் சுண்ணாம்புத் தொல்லை பாதி குறையும்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் பூனை இருந்தால் உண்மையான லில்லியை உள்ளே எடுக்கவே வேண்டாம். இலையைக் கடித்தாலும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். மற்றது, மச்சாள் செய்ததை நான் இப்போது செய்யவிடமாட்டேன். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கிழங்கு கொண்டுவர முன்அனுமதியும் அந்த நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். உடுப்புக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வருவது சாமர்த்தியமல்ல. ஒரு கிழங்கோடு வரும் புழுவோ பூஞ்சணமோ எங்கள் வெங்காயத் தோட்டங்களுக்கு என்ன செய்யும் என்று யோசித்தால் போதும்.

வெங்காயத்தின் சொந்தக்காரர்

எங்கள் வளவுகளில் உண்மையில் நிலைத்து நிற்பவை இவைதான்.

மழை லில்லிதான் முதல். சின்ன வெங்காயம் அளவுக் கிழங்கு, புல்லுப் போன்ற இலை, வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம். நல்ல காய்ச்சலுக்குப் பிறகு ஒரு மழை விழுந்தால் நாலைந்து நாளில் ஒரே காலையில் பாத்தி முழுதும் விரியும். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அதே அதிசயத்தை வரவழைக்கலாம் என்று பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன, அவ்வளவுதான். மழைக்குத்தான் மரியாதை. ஒன்றரை, இரண்டு அங்குல ஆழத்தில், பத்துப் பன்னிரண்டு கிழங்கைக் கூட்டமாக நடுங்கள். ஒற்றையாக நட்டால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு வருடத்தில் தானே பெருகிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கும் அளவு வரும். ஆனால் கிளறி எடுத்த கிழங்கைக் குசினிப் பக்கம் வைக்காதீர்கள். உரித்தால் வெங்காயம் போலவே இருக்கும், மணம் மட்டும் இராது. சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் நிச்சயம். எங்கள் வீட்டில் ஒரு தடவை சுளகு வரைக்கும் போய்விட்டது. மணம் இல்லையே என்று அம்மா மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்ததால் தப்பினோம்.

அமரிலிஸ் என்று பூக்கன்று விற்பவர்கள் சொல்லும் ஹிப்பியாஸ்ட்ரம், எங்கள் ஒழுங்கையில் வெறும் 'சிவப்பு லில்லி'. தடித்த குழல் போன்ற காம்பின் நுனியில் எதிரும் புதிருமாகப் பூ. மச்சாளின் பெட்டியில் இருந்த படத்துக்குக் கிட்ட வரக்கூடிய தோற்றம் இதற்குத்தான் உண்டு, அதுவும் குளிர் கேளாமல். உறக்கத்தைப் பற்றி நான் மேலே சொன்னதற்குச் சாட்சி எங்கள் வளவிலேயே நிற்கிறது. ஒரே தாய்க்கிழங்கின் குட்டிகளைப் பிரித்து, பாதியைக் கிணற்றடி வாழைக்குப் பக்கத்திலும் பாதியைப் படலையடியிலும் நட்டிருந்தேன். கிணற்றடியில் குளிக்கிற தண்ணீர் வருடம் முழுக்க ஓடும். அங்கே இலை கைநீளத்துக்குத் தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லை. படலையடியில் ஆடி, ஆவணியில் ஒருவரும் ஒரு துளி ஊற்றுவதில்லை. இலை மடிந்து, செத்துவிட்டதென்று நினைக்கும் அளவுக்குப் போய், பங்குனியில் விழும் ஒரு மழைக்குக் காம்பு நீட்டும். போன வருடம் ஒரு கிழங்கு இரண்டு காம்பு விட்டது. "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று வெங்காயத்துக்குச் சொல்வார்களே, அதே சட்டம்.

இதை நடும் விதம் உண்மையான லில்லிக்கு நேர் எதிர். கிழங்கின் கழுத்தும் மேல் மூன்றில் ஒரு பங்கும் மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். மூடிப் புதைத்தால் மாரியில் கழுத்தோடு அழுகும். பூ வாடியதும் காம்பை வெட்டலாம், இலையை வெட்டக்கூடாது. அடுத்த வருடப் பூவுக்கான மாப்பொருளை அந்த இலைதான் கிழங்குக்குள் இறக்குகிறது. முற்றம் கூட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லி வைப்பது தனி வேலை.

சிலந்தி லில்லிக்கும் அதன் பெரிய உறவான விஷமூங்கிலுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நட்டுவிட்டு மறந்துவிடலாம். வெள்ளைப் பூ, பின்னேரத்துக்குப் பிறகு மணம். விஷமூங்கில் கடற்கரை மணலில் தானாக நிற்கும் செடி. பருத்தித்துறைப் பக்கத்து மணலிலோ, கிணறு உவர்த்துப்போன வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்திலோ இருப்பவர்கள் மற்றப் பட்டியலைப் படித்து நேரத்தை வீணாக்காமல் இவற்றை நடலாம். உப்புக் காற்றைத் தாங்கும். பெயரிலேயே விஷம் இருப்பதைச் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் கவனிக்க.

கார்த்திகைப்பூ

கார்த்திகை மாதத்தோடு இந்தப் பூவுக்கு இங்கே உள்ள உறவை நான் எழுதத் தேவையில்லை. தமிழ்நாட்டில் செங்காந்தள், மாநிலப் பூவும் அதுதான். தோட்டக்காரக் கண்ணோடு மட்டும் பார்த்தால், மேலே சொன்ன எல்லாவற்றுக்குள்ளும் யாழ்ப்பாணத்து நாட்காட்டியைப் பிசகாமல் பின்பற்றும் கிழங்கு இது. சோளகக் காலம் முழுக்க நிலத்துக்குள் கிடக்கும். முதல் மழைக்கு முளை காட்டும். இலை நுனியையே கொடிச்சுருளாக்கிக் கிளுவை வேலியில் பற்றி ஏறும். கார்த்திகையில் பூக்கும். தையில் காய் முற்றிக் கொடி காயும். பச்சை மஞ்சளாய் விரிந்து, மஞ்சள் செம்மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும் அந்த இதழ்களை ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பார்க்கலாம். சுவாரசியம் என்னவென்றால், அமரிலிஸைவிட இதுதான் உண்மையான லில்லிக்குக் கிட்டிய உறவு.

இங்கே பிழை நடப்பது கிழங்கை எடுக்கும்போதுதான். இதற்குக் கலப்பைக்கிழங்கு என்றொரு பெயர் உண்டு. ஒரு தடவை தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். இரண்டு விரல் தடிப்பில், கலப்பை போல ஒரு மூலையில் மடங்கி, இரண்டு கையாக நீண்டிருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அந்த நுனி முறிந்தால் அந்தக் கை வெறும் மாவுத்துண்டு, எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. உருளைக்கிழங்கு போலத் துண்டு துண்டாக வெட்டி நட்டவர்களை எனக்குத் தெரியும், ஒன்றும் வரவில்லை. மூலையில் இரண்டாக முறிந்தால் பரவாயில்லை, இரண்டு கையும் தனித்தனிச் செடியாகும். எனவே மண்வெட்டியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக் கொத்தி, கிட்ட வந்ததும் கையால் கிளறுங்கள். நடும்போது நட்டமாக நிறுத்தக்கூடாது. படுக்கையாக, இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில். முளை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் வேலியை நோக்கி இருக்கட்டும். நல்ல நேரம் ஆவணிக் கடைசி, புரட்டாதி.

கைக்குக் கையுறை போட்டுத்தான் இதைத் தொட வேண்டும். கிழங்கு, விதை, இலை எல்லாமே கொல்சிசின் என்ற நஞ்சு. மருந்துக் கம்பனிகள் விலை கொடுத்து வாங்கும் அதே பொருள், பிழையான வயிற்றுக்குள் போனால் உயிரை எடுக்கும். ஆடு கட்டும் வேலியில் ஏற்ற வேண்டாம். வற்றாளை, மரவள்ளி நடும் பாத்திக்குப் பக்கத்திலும் வேண்டாம், கிழங்கோடு கிழங்கு மாறிப்போகக்கூடிய இடம் எதுவும் வேண்டாம்.

முளைக்கவைக்கிற வேலை

எந்தக் கிழங்காக இருந்தாலும் முளைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். குறைவால் அல்ல, கூடியதால். முளை தெரியமுன் கிழங்குக்குத் தண்ணீர் உறிஞ்சும் வேர் அதிகம் இராது. குடிக்க வாய் இல்லாத ஒன்றுக்கு நாங்கள் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். நட்ட அன்று ஒரு தடவை நனைய ஊற்றினால், பிறகு விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, அங்கே நிலத்திலேயே நடலாம், ஒரு சாண் உயர்த்திய பாத்தி போதும். மாரியில் முற்றத்தில் வெள்ளம் நிற்கிற தாழ்வான வளவென்றால் சாடிதான்.

மாட்டெரு உக்கி மண்போல உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். பச்சை எரு சூடேறிக் கிழங்கை அவிக்கும், கறையானையும் கூப்பிடும். நான் கலப்பது செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒன்று, உக்கிய எரு ஒன்று. லிலியத்துக்கு மட்டும் ஒரு பங்கு தும்புத்தூள் மேலதிகமாக.

நட்ட இடத்தில் ஒரு கதியால் துண்டைக் குத்தி வையுங்கள். இதை அற்ப விடயம் என்று விட்டவர்கள் எல்லோரும் ஒரு நாள் அதே இடத்தில் மிளகாய்க் கன்றுக்குக் குழி வெட்டிக் கிழங்கைப் பிளந்திருப்பார்கள். பொறுமையில்லாமல் கிளறிப் பார்ப்பது அடுத்த குற்றம். அமரிலிஸ் ஆறு கிழமை ஒன்றும் காட்டாமல் இருந்துவிட்டு எழும்பியதைக் கண்டிருக்கிறேன். கிழங்கை அமர்த்திப் பார்த்தால் கல்லுப்போல இருந்தால் உயிரோடிருக்கிறது. அமுங்கினால்தான் கவலை.

முளை வந்தபின் இரண்டு எதிரி. மாரியில் பெருகும் ஆபிரிக்க நத்தை, ஒரு இரவில் குருத்தைத் தின்றுவிடும். உப்புத் தூவினால் நத்தை சாகும், பாத்தியும் சாகும். விடிய எழும்பி லைற் அடித்துப் பொறுக்குவதைவிட எனக்கு வேறு வழி சரிவரவில்லை. மற்றது, கறுப்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி போட்ட மயிர்க்கொட்டி மாதிரியான புழு. லில்லி அந்துப்பூச்சியின் புழு அது. கார்த்திகைப்பூக் கொடியிலும் சிலந்தி லில்லியிலும் கூட்டமாக ஏறி, இரண்டு நாளில் காம்பை மட்டும் மிச்சம் விடும். இலையின் அடிப்பக்கத்தில் முட்டைக் குவியலைக் கண்டவுடனேயே இலையோடு கிள்ளி எடுத்தால் மருந்தடிக்கத் தேவையில்லை.

அப்ப எதை நடுவது?

ஒரே ஒரு கிழங்குக்குத்தான் இடமும் நேரமும் என்றால், சிவப்பு அமரிலிஸ், படலையடி போன்ற காய்கிற மூலையில். வேலை வெளிநாட்டிலும் வீடு இங்கேயும் என்று வருடத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கும் வளவுக்கு இதைவிடத் தோதான பூ இல்லை. ஆளில்லாத காய்ச்சலே அதற்கு உரம். பூட்டாத வீடு, சின்னப்பிள்ளைகள் இல்லை, உயிர்வேலி இருக்கிறது என்றால் கார்த்திகைப்பூவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றத்துக்கு மழை லில்லி, குசினிக் கதை நினைவிருந்தால். சாவகச்சேரி, கொடிகாமப் பக்கத்தில் மா, பலா நிழல் விழும் வளவுக்குச் சிலந்தி லில்லி அரை நிழலிலும் பூக்கும், அமரிலிஸ் அங்கே சோம்பிவிடும்.

பெட்டி லில்லி? பிறிட்ஜில் இடம், ஐப்பசியில் அனுமதியோடு வரும் கிழங்கு, பூனையில்லாத வீடு, அடுத்த வருடம் வராவிட்டால் மனம் வருந்தாத சுபாவம், இந்த நான்கும் ஒன்றாகக் கூடினால் ஒரு முறை நட்டுப் பாருங்கள். அந்த இரண்டு பூவை நான் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன கிழமை மச்சாள் எடுத்தா. மார்கழியில் வருகிறாவாம்.

"இந்த முறை எந்த லில்லி வாங்கிக்கொண்டு வர? இங்க இப்ப மலிவுக்குப் போட்டிருக்கிறாங்கள்."

"கிழங்கு ஒண்டும் வேண்டாம் மச்சாள். தோட்டத்துக்குப் போடுற கையுறை நல்லதா இரண்டு சோடி கொண்டு வாங்கோ. கார்த்திகைக் கிழங்கு கிளறோணும்."